பார்த்தால் ஒழுங்காக ஓடும் லேப்டாப்

லேப்டாப் மெதுவாக ஓடினால் முதலில் செய்ய வேண்டியது, அதை ஒருமுறை அணைத்துவிட்டுப் போடுவது. இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் சொன்ன கையோடு உதட்டைப் பிதுக்கி, "ம்... பார்க்கலாம்" என்று சேர்த்துக்கொண்டால்தான் அது வைத்தியம். இல்லாவிட்டால் வெறும் யோசனை. யோசனை சொல்பவனுக்கு யாரும் டீ கொண்டுவந்து தருவதில்லை.

நடந்ததை மட்டும் சொல் என்றீர்கள், சார். அக்கா வேலை பார்க்கும் கம்பெனியின் கணினிப் பிரிவே உங்கள் தலையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒரு கல்லூரி மாணவனோடு வீடியோ காலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் சொல்வதை வைத்துத்தான் அக்காவுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதா வேண்டாமா என்று டைரக்டர் முடிவெடுப்பார் என்றும் சொன்னீர்கள். அக்கா பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நாலு பேர். அப்பா தண்ணீர் மீட்டர் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறார். அம்மா பள்ளி ஆசிரியை. பாதி வாழ்க்கை பரீட்சை ஹாலில் நடந்தே கழிந்தது. அக்காவை உங்களுக்குத் தெரியும், உங்கள் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே சமையலறை வரைகிறாள். அலமாரி, இழுப்பறை, தொட்டி எல்லாம் திரையில் நிஜம் போலவே இருக்கும். மவுஸைத் தொட்டால் அலமாரிக் கதவு திறக்கும். நான் வரலாறு படிக்கிறேன். அதனால் வீட்டில் எனக்கு நிரந்தரமாக ஒரு வேலையும் கிடையாது. மொட்டை மாடியில் துணி எடுப்பது, தண்ணீர் கேன் மாற்றுவது, அப்பாவிடம் திட்டு வாங்குவது, இவ்வளவுதான். அப்பா என்னைத் 'தண்டம்' என்று கூப்பிடுவார். கோபத்தில் அல்ல, வெறும் அடையாளத்துக்காக.

முதல் தடவை லேப்டாப் படுத்தது என்னால் இல்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். விசிறி ஊருக்கே கேட்கும்படி கத்தியது, மவுஸ் நகர மறுத்தது. நான் போய்ப் பார்த்தேன். அக்கா இரண்டு ஆன்டிவைரஸ் போட்டு வைத்திருந்தாள்; இரண்டும் ஒன்றையொன்று திருடன் என்று சந்தேகித்து நாள் முழுக்கச் சோதனை போட்டுக்கொண்டிருந்தன. காற்று போகும் துளையில் தூசி கம்பளி மாதிரி அடைத்திருந்தது. ஒன்றை நீக்கினேன், தூசியை எடுத்தேன், அப்புறம் முழு ஸ்கேன் போட்டேன். அது முடிய ஒரு மத்தியானம் ஆனது.

அந்த மத்தியானத்தைத்தான் சொல்ல வந்தேன். அக்காவுக்குச் செய்ய வேறு வேலை இல்லை. காதில் ஹெட்போன் இல்லை. தரையில் என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு வாடிக்கையாளர் அடுப்பே இல்லாத சமையலறை கேட்ட கதையைச் சொன்னாள்.

"அடுப்பு வேண்டாமாம்டா. ஆனா புகை போற சிம்னி மட்டும் பெருசா வேணுமாம்."

"எதிர் வீட்டுப் புகையை இழுக்கவா இருக்கும்," என்றேன்.

அக்கா சுவரில் தலை முட்டும் அளவுக்குச் சிரித்தாள். நான் நகைச்சுவை என்று எதையாவது சொல்லி இந்த வீட்டில் ஒருவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அப்போது அப்பா கையில் தம்ளரோடு வாசலில் வந்து நின்றார். "டாக்டர், டீ," என்றார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

சாயங்காலம் லேப்டாப் குணமாகிவிட்டது. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மறுநாள் நான் தண்டம்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். லேப்டாப் நன்றாகவே ஓடியது. என் கைராசி அப்படி. அதன் பிறகுதான் இணையத்தில் பார்த்து அந்தச் சின்னப் புரோகிராமை எழுதினேன். எழுதினேன் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நீங்கள் சந்தேகப்பட்டது போல அது எதையும் திருடவில்லை, யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. ஓர் எண்ணை எடுக்கும், இன்னோர் எண்ணால் பெருக்கும், விடையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகும். நான் கல்லூரியில் செய்வதையேதான் அதுவும் செய்தது, என்னைவிடச் சுறுசுறுப்பாக. அவ்வப்போது தானாக விழித்துக்கொள்ளும், விழித்தால் பிராசஸரின் மொத்தப் பலமும் அதற்கே போய்விடும். அதற்கு 'ஹெல்த் சர்வீஸ்' என்று பெயர் வைத்தேன். வைத்த இடம் என் மூன்றாம் செமஸ்டர் அசைன்மென்ட் ஃபோல்டர். எனக்கென்று லேப்டாப் கிடையாது, என் பாடமெல்லாம் அக்காவுடையதில்தான் இருக்கும். அந்த ஃபோல்டரை நான் உட்பட யாரும் திறந்ததில்லை.

ஒரே ஒரு ஆபத்து இருந்தது. டாஸ்க் மேனேஜர் என்று ஒரு ஜன்னல் உண்டு. எந்தப் புரோகிராம் எவ்வளவு தின்கிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒரு வரி சேர்த்தேன். அந்த ஜன்னல் திறந்தவுடன் என் புரோகிராம் வேலையை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டி நிற்கும். மூடியதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கும்.

அக்கா கூப்பிடுவாள். "டேய், மறுபடியும் செத்துப்போச்சுடா. வந்து பாரேன்."

நான் உடனே போக மாட்டேன். டாக்டர்கள் உடனே வருவதில்லை. பிறகு போய் ஜன்னலைத் திறப்பேன். எல்லாம் அமைதியாக இருக்கும்.

"ஒண்ணுமே காட்டலையே," என்பாள் அக்கா.

"அதான்க்கா கவலையா இருக்கு," என்பேன்.

அவள் உடல்நலம் கருதித்தான் இதைத் தொடர்ந்தேன், சார். நீங்களே யோசித்துப் பாருங்கள். அதற்கு முன்னால் அவள் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. இப்போது லேப்டாப் நின்றால் எழுந்து தண்ணீர் குடித்தாள், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள், என்னிடம் பேசினாள். ஒருதடவை அவள் மூன்று நாளாக வரைந்த சமையலறை சேவ் ஆகாமல் போய்விட்டது. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அடிக்கடி சேவ் செய்யும் பழக்கம் எவ்வளவு முக்கியம் என்று எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு அவளே கைக்காசு போட்டு லேப்டாப்பில் கூடுதல் மெமரி வாங்கிப் பொருத்தினாள். வாங்கும்போது எது நல்லது என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான்தான். குறை சொல்ல முடியாது, நல்ல பொருள்.

வேலையைத் தாமதமாகக் கொடுக்கிறாள் என்று உங்கள் ஆபீஸிலிருந்து இரண்டொரு போன் வந்தது உண்மை. அவள் பதில் சொல்லும்போது நானும் அறையில் இருந்தேன். "தம்பி பார்த்துக்கிட்டிருக்கான் சார், அவன் இருக்கறதால ஓடுது," என்றாள். என்னைப் பற்றி இவ்வளவு பெரிய வார்த்தையை அதற்கு முன் யாரும் போனில் சொன்னதில்லை.

அப்புறம்தான் தலைமை அலுவலகத்தில் அந்தப் பதவி வந்தது. அக்கா தான் வரைந்த சமையலறை ஒன்றை டைரக்டருக்கு வீடியோவில் நேரடியாகச் சுற்றிக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் ஒரு குழுவுக்கே தலைவி. ஊர் மாற வேண்டும், அங்கேயே தங்க வேண்டும். அப்பா இரண்டு தெருவுக்குச் சொல்லிவிட்டார். அம்மா பெட்டியை இறக்கித் துடைத்தார். அக்காவுக்கு மூச்சு விடவே நேரமில்லை. எனக்கு மகிழ்ச்சிதான். மகிழ்ச்சி இல்லை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை.

ஒத்திகையில் லேப்டாப் இரண்டு தடவை நின்றது. அக்கா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அம்மா விடைத்தாள் கட்டோடு அந்தப் பக்கம் வந்தவர் சற்று நின்று கவனித்தார்.

"ஏன்டி, அந்தக் கோடு கோடா வர ஜன்னலைத் திறந்தா மட்டும் நல்லா ஓடுதே?"

"அது சும்மா பார்க்கறதுக்கும்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது."

"சம்பந்தம் இல்லாம என்ன? உன் தம்பி மாதிரியேதான் இதுவும். பக்கத்துல நின்னா புத்தகத்தைப் பார்க்கும், நகர்ந்தா கூரையைப் பார்க்கும். பேசாம அதைத் திறந்தே வையேன், ஒழுங்கா இருக்கும்."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அக்கா அந்த ஜன்னலைச் சின்னதாக்கித் திரையின் மூலையில் திறந்தே வைத்துவிட்டாள். லேப்டாப் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஒத்திகையை முழுதாக முடித்தாள். "அம்மாதான்டா நிஜ டாக்டர்," என்றாள் என்னைப் பார்த்து. அப்பாவும் ஆமாம் என்றார்.

இந்த இடத்தில் நான் அந்தப் புரோகிராமை அழித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு புரோகிராமில் குறை தெரிந்தால் அதைத் திருத்துவதுதான் முறை. அக்கா குளிக்கப் போனபோது அந்த ஒரு வரியை மட்டும் எடுத்தேன். இனி யார் பார்த்தாலும் அது நிற்காது. எடுத்ததும் மனசு இலேசாக இருந்தது. ஒருவகையில் இதுவரை இருந்த ஒளிவுமறைவே போய்விட்டது அல்லவா.

மறுநாள் நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்களும் அந்த வீடியோ காலில் இருந்தீர்கள். எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். அக்கா இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் கேமராவில் விழாமல் கதவோரம் நின்றார்கள். நான் அக்கா பக்கத்தில், கையில் ஒரு அட்டையோடு, லேப்டாப்புக்கு விசிறிக்கொண்டிருந்தேன். அதை அவள்தான் கேட்டாள். "நீ கூட இருடா, எனக்குத் தைரியமா இருக்கும்," என்றாள்.

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். தரை, ஜன்னல், தொட்டி. மேல் அலமாரியின் கதவைத் திறந்தாள். கதவு பாதி திறந்து அப்படியே நின்றது. விசிறி கத்த ஆரம்பித்தது. நானும் வேகமாக விசிறினேன்.

"ஹலோ, கேக்குதாம்மா?" என்றார் டைரக்டர்.

அக்கா மவுஸை அழுத்தினாள், தட்டினாள். "ஒரு நிமிஷம் சார், ஒரே ஒரு நிமிஷம்," என்றாள். கதவோரத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் நீங்கள் பேசினீர்கள். அக்கா திரையை முழுசாகப் பகிர்ந்திருந்தாள், மூலையில் அம்மா திறந்து வைக்கச் சொன்ன ஜன்னல் இருந்தது, அதில் முதல் வரியில் நின்றது என் புரோகிராம். நான் அதை யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன், அது கவனக்குறைவு.

"மேல ஹெல்த் சர்வீஸ்னு இருக்கே, அது எங்க இருக்குன்னு பாருங்கம்மா," என்றீர்கள்.

அக்கா பார்த்தாள். ஃபோல்டர் திறக்கவே ஒரு யுகம் ஆனது. திறந்ததும் எல்லோருக்கும் தெரிந்தது: என் பெயர், மூன்றாம் செமஸ்டர், அசைன்மென்ட். உள்ளே அசைன்மென்ட் எதுவும் இல்லை. அது மட்டும்தான் இருந்தது. என் படிப்பு பற்றியும் அப்பாவுக்கு அப்படித்தான் தெரியவந்தது.

நான் விசிறுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று தோன்றியது.

அக்கா கத்தவில்லை, சார். அழைப்பைத் துண்டித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீயாடா?"

நான் அட்டையைக் கீழே வைத்தேன்.

"ஏன்டா?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழக்கதோஷம், வேறு ஒன்று வந்துவிட்டது. "ஒருதடவை ஆஃப் பண்ணிட்டுப் போடுக்கா," என்றேன்.

அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். அதிலிருந்து என்னை எதற்கும் கூப்பிடவில்லை. அம்மா சாப்பாட்டைத் தட்டில் வைக்கிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. அப்பா என்னைத் தண்டம் என்றுகூடச் சொல்வதில்லை.

ஆகவே டைரக்டரிடம் இதை அப்படியே சொல்லிவிடுங்கள். அக்கா மேல் எந்தத் தவறும் இல்லை. தாமதமானது, ஃபைல் போனது, கதவு பாதியில் நின்றது, எல்லாம் நான். அவளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள், அசந்துபோவீர்கள். புரோகிராமை அழிக்கப் போனேன். அவள் ஏற்கெனவே அழித்திருந்தாள். அதன் பிறகு பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டாள்; எப்படித் தெரியும் என்றால், முயன்று பார்த்தேன்.

என் பக்கத்திலிருந்து ஒரு சின்ன வேண்டுகோள் உண்டு. அந்தப் பதவியை வீட்டிலிருந்தே பார்க்க வழி இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். எனக்காகக் கேட்கவில்லை. அவள் அந்த ஊருக்குப் போனால் லேப்டாப்புக்கு ஒன்று என்றால் கூப்பிட ஆள் இருக்காது. நான் பக்கத்தில் இல்லாத இடத்தில் அது எப்படி ஓடும் என்று நினைத்தால்தான், சார், எனக்குக் கவலையாக இருக்கிறது.