மிளகுக்குப் பிடித்தது நூல்

பூனைகளுக்குக் கடையில் பொம்மை வாங்குவது வீண். மணி கட்டிய துணி எலி, இறகு வைத்த பந்து, சாவி கொடுத்தால் ஓடும் வண்டு என்று மூன்று வருஷத்தில் ஒரு கூடை நிறைய வாங்கியிருப்போம். எங்கள் பூனைகள் பிஸ்கட், மிளகு இரண்டும் அவற்றை மோந்துகூடப் பார்த்ததில்லை.

பிஸ்கட்டுக்குப் பிடித்தது பால் கேன் மூடியைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் வளையம். எறிந்தால் ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வரும். இருபது தடவை எறிந்தாலும் சலிக்காது. ஆட்டம் முடிந்ததும் அதை என் ஷூவுக்குள் போட்டு வைக்கும். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது விரலில் தட்டுப்படும்.

மிளகு அந்தச் சாதி இல்லை. எறிகிற எதையும் திரும்பிப் பார்க்காது. அதற்கு நீளமாக ஏதாவது நெளிய வேண்டும். ஷூ லேஸ், ஜன்னல் பிளைண்டின் கயிறு, என் மனைவி வள்ளியின் புடவை ஓரத்தில் தொங்கும் நூல். பிடித்துவிட்டால் விளையாட்டோடு நிற்காது, மென்று விழுங்கப் பார்க்கும். ஒரு கிறிஸ்துமஸின்போது பரிசுப் பொட்டலத்தில் கட்டியிருந்த ரிப்பனை முழங்கை நீளத்துக்கு விழுங்கிவிட்டது. நல்லவேளை, வாந்தி எடுத்தது. அப்போது பூனைகளைப் பார்க்கும் டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார். பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் எல்லாம் உள்பக்கமாகச் சாய்ந்தவை. நூல் ஒருமுறை நாக்கில் ஒட்டினால் பூனையே நினைத்தாலும் துப்ப முடியாது, உள்ளேதான் போகும். குடலில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால், நாடாவை இழுத்ததும் பாவாடை சுருங்குவது போலக் குடல் சுருங்கிவிடும். அன்றே தூக்கி வந்தால் பிழைக்கும், இரண்டு நாள் போனால் கஷ்டம் என்றார்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், 'பாவம், அவனுக்குத் தெரியாது' என்று யாரும் எனக்காகப் பேசிவிடக் கூடாது. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

என் மாமனார் மயில்சாமி 1999 மே மாதம், அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் கேட்டிக்கு வந்தார். மாமியார் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கோபியில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை வள்ளிதான் ஆறு மாதம் இருக்கட்டும் என்று வரவழைத்தாள். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் கம்பத்தில் ஏறும் முன் மின்சாரத்தை நிறுத்தியாயிற்றா என்று பார்த்து, 'லைன் ஆஃப்' என்று சொல்வது அவர் வேலை. முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் வார்த்தையை நம்பி ஏறியவர்களில் ஒருவர்கூட விழுந்ததில்லை. அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. வள்ளி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வந்த வாரமே மிளகின் குணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். என் மகள் கயலின் கைவேலைப் பெட்டியிலிருந்து சிவப்பு உல்லன் நூலை எடுத்து ஒரு குச்சியில் கட்டி, தூண்டில் மாதிரி செய்தார். தரையில் அதை இழுத்துக்கொண்டு நடந்தால் மிளகு வீடு முழுக்கப் பின்னால் ஓடும். கயல் சோபாமேல் ஏறி நின்று கத்துவாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. நூலைப் பற்றி டாக்டரம்மா சொன்னதை அவள்தான் தாத்தாவுக்கு ஒப்பித்தாள். அவர் குனிந்து கவனமாகக் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஆட்டம் முடிந்ததும் நூலைக் குச்சியில் சுற்றி, சமையலறை மேல் டிராயரில் வைத்து மூடி, ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்.

"லைன் ஆஃப்ங்களா அப்பிச்சி?" என்று கயல் தாத்தாவைக் கேட்பாள்.

"லைன் ஆஃப் கண்ணு" என்பார்.

கயல் தமிழில் பேசினாள் என்பதைக் கவனியுங்கள். ஐந்து வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நாற்பது நிமிஷம் டிரைவ் பண்ணிக் கூட்டிப் போவேன். அவர் வந்து மூன்றே வாரத்தில், ஒரு பூனையையும் ஒரு முழ நூலையும் வைத்துக்கொண்டு அவளைப் பேசவைத்துவிட்டார். ஒருநாள் நான் "சாப்பிட்டாயா" என்று கேட்டதற்கு அவள் சிரித்துவிட்டு, "அப்பா, 'சாப்ட்டியா கண்ணு'ன்னு கேக்கோணும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

ஆகஸ்டில் வள்ளிக்கு சிட்டிஸன்ஷிப் வந்தது. அன்று சாப்பிடும்போது, "அப்பாவுக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணிரலாமுங்க. அங்க தனியா இருந்து என்ன பண்றாரு?" என்றாள்.

"பண்ணலாமே" என்றேன்.

வேறென்ன சொல்ல முடியும்? குடிக்க மாட்டார், அதட்ட மாட்டார், டிவி சத்தத்தைக்கூடக் கூட்டிவைக்க மாட்டார். நான் ஆபீஸிலிருந்து வந்தால் எழுந்து நின்று, "வாங்க மாப்ள" என்பார். என் வீட்டில் என்னை எழுந்து நின்று வரவேற்ற ஒரே ஆள் அவர்தான். குறை சொல்ல ஒன்றுமே இல்லாதவரை எப்படி வேண்டாம் என்பது?

அந்த மாதம்தான் அவருக்கு மறதி ஆரம்பித்தது. டிவிமேல் கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடி பாத்ரூமில் கிடைத்தது. அவர் மூடியதாகச் சொன்ன கராஜ் கதவு பகல் முழுக்கத் திறந்தே இருந்தது. "மூடினனுங்களே மாப்ள" என்று தலையைச் சொறிந்தார். வயசு அறுபத்தெட்டு ஆகிறது, சகஜம்தான் என்று வள்ளியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியை பாத்ரூமில் வைத்தவன் நான். கராஜ் கதவைத் திறந்துவிட்டு ஆபீஸுக்குப் போனவனும் நான். அப்போது எனக்குத் திட்டம் எதுவும் இல்லை. அவர் ஒருமுறையாவது தவறு செய்து பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குக் கிளம்பினார்கள். எனக்கு ஆபீஸ் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கிளம்புவதற்கு முன் தாத்தாவும் பேத்தியும் பூனையோடு ஓடியாடிவிட்டு நூலை டிராயரில் வைத்தார்கள். அவர் இழுத்துப் பார்த்தார். கராஜ் பிரச்சினைக்குப் பிறகு அவர் எதையும் இரண்டு தடவை பார்ப்பார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

கார் தெருமுனை திரும்பியதும் நான் அந்த டிராயரைத் திறந்தேன். அந்தச் சத்தம் கேட்டால் மிளகு எங்கிருந்தாலும் வரும். வந்தது. என் காலில் உடம்பைத் தேய்த்தது. பொதுவாக அது என்னிடம் வராது, பிஸ்கட்தான் என் பூனை. குச்சியிலிருந்து நூலை முழுக்க அவிழ்த்துத் தரையில் விட்டேன். ஒரு முனையைப் பிடித்துக் கொஞ்சம் ஆட்டினேன். பிறகு ஹாலில் போய் உட்கார்ந்து பேப்பர் படித்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது குச்சிதான் கிடந்தது. அதில் விரல் நீளத்துக்கு ஈரமான நூல். மிளகு அடுப்புப் பக்கம் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. டிராயரை ஒரு சாண் திறந்த மாதிரி விட்டேன். கை கழுவினேன்.

டாக்டரம்மாவிடம் பதினைந்து நிமிஷத்தில் போயிருக்கலாம். அவசரத்துக்கு அழைக்கும் எண் ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருந்தது. ஒட்டியதும் நான்தான்.

அவர்கள் திரும்பியதும் நான் எதையும் பெரிதாக்கவில்லை. "மாமா, டிராயர் திறந்திருந்துச்சு. குச்சி கீழ கெடந்துது, எடுத்து வெச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னேன். நூல் எங்கே என்று அவர் கேட்டார். அறுந்து எங்காவது கிடக்கும் என்றேன். அவர் தரையில் மண்டியிட்டு ஃப்ரிட்ஜ் அடியில், சோபா அடியில் எல்லாம் தேடினார். நானும் கூடவே தேடினேன்.

திங்கட்கிழமை மிளகு சாப்பிடவில்லை. முடியுருண்டையாக இருக்கும், தானாகக் கக்கிவிடும் என்றேன். பூனை விஷயத்தில் எங்கள் வீட்டில் என் பேச்சுதான். செவ்வாய்க்கிழமை மாலை அது துணி அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, கூப்பிட்டாலும் தலையைத் தூக்கவில்லை. அப்போதுதான் கொண்டுபோனோம். வயிற்றைத் திறந்து நூலை மூன்று இடத்தில் வெட்டி எடுத்தார்கள். புதன்கிழமை மத்தியானம் இறந்துவிட்டது. டாக்டரம்மா, "மிஸ்டர் சேனாபதி, ஒரு நாள் முன்னால் வந்திருந்தால்" என்று ஆரம்பித்து, கயலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கயல் தாத்தாவின் முன்னால் போய் நின்றாள். அழவில்லை. "யூ செட் லைன் ஆஃப்" என்றாள். மாடிக்குப் போய்விட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். "வெச்சனுங்களே மாப்ள. ரெண்டு தடவ இழுத்துப் பாத்தனுங்களே."

"வயசானா அப்படித்தான் மாமா. விடுங்க. யாரும் உங்கள ஒண்ணும் சொல்லல" என்றேன். அவர் தோளில் கைகூட வைத்தேன். இதுவரை நான் சொன்னவற்றில் நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுவது, நூலைவிட, அந்தக் கை. அவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் எதையும் இடம் மாற்றி வைக்கவில்லை. அவசியமே இருக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, அணைந்ததா என்று வள்ளியைக் கூப்பிட்டுக் காட்டுவார். குழாயை மூடிவிட்டு அதன் அடியில் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பார். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லமாட்டார், சொல்லிவிட்டு, "செரிதானுங்களா?" என்று எங்கள் முகத்தைப் பார்ப்பார். பிஸ்கட் வளையத்தைக் கவ்விக்கொண்டு வந்து காலடியில் போட்டால் அதைத் தொடமாட்டார். கயல் அவரிடமும் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். அவருக்குப் புரியாது. என்னிடமும் பழையபடி இங்கிலீஷ்தான். நான் செய்ததில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

கிரீன் கார்டு பேச்சை அவரே நிறுத்தினார். "அம்மிணி, இந்த ஊட்ல கேஸும் கரண்டும் நம்மூரு மாதிரி இல்ல. கொழந்த இருக்கற எடம். என்னைய அனுப்பிச்சுரு" என்று வள்ளியிடம் சொன்னார். அக்டோபர் முதல் வாரமே டிக்கெட் மாற்றினோம்.

வள்ளி ஈரோட்டில் இருக்கும் தன் தம்பி செழியனுக்கு போன் செய்தாள். அப்பாவைத் தனியாக விடாதே, சமைக்க விடாதே, மொபெட் சாவியை வாங்கி வைத்துக்கொள் என்றாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கோபி வீட்டைப் பூட்டிவிட்டு, செழியன் வீட்டின் பின்னறையில் அவரை வைத்தார்கள். அங்கே ஒரு டாக்டர் மறதிக்கு மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டதும் நாள் முழுக்கத் தூங்குவதாகச் செழியன் சொன்னான். தூங்கினால் நல்லதுதானே என்றேன்.

2001 பிப்ரவரியில் ஒருநாள் செழியன் போன் செய்தான்; மாமா என்னிடம் பேச வேண்டும் என்றாராம். குரல் மெலிந்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

"மாப்ள, ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். அன்னிக்கு அந்த டிராயரு எவ்வளவு தெறந்திருந்துதுங்க?"

ஒன்றரை வருஷமாக அதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். முழுக்கத் திறந்திருந்ததா, கொஞ்சமாகவா என்று தெரிந்தால் தன் கை எங்கே பிசகியது என்று கண்டுபிடித்துவிடலாம் என எண்ணியிருக்க வேண்டும். வேலையில் அப்படித்தானே பழகியவர். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்த்திருக்காது. போனில் அவர் முகம்கூடத் தெரியவில்லை. வள்ளியும் கடைக்குப் போயிருந்தாள்.

"ஒரு சாண் இருக்கும் மாமா" என்றேன்.

"ஒரு சாணா" என்றார். "செரீங் மாப்ள. ஒடம்பப் பாத்துக்குங்க."

அடுத்த மாதம் தூக்கத்தில் போய்விட்டார். செழியன் போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். வள்ளிக்குச் சொன்னதும் நான்தான்.

காரியமெல்லாம் முடிந்து ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகு, ஒரு சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டே அழுதாள். செழியன் வீட்டில் அப்பா பெட்டியில் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் கிடைத்தனவாம். தினமும் கதவு, விளக்கு, குழாய் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு டிக் போட்டிருந்தாராம். இரண்டும் நிறைய. ஒருநாள்கூட விட்டுப்போகவில்லையாம்.

"மறதிக்காரரு இப்படியா எழுதுவாரு? நாந்தானுங்க அவசரப்பட்டுச் சாவியப் புடுங்கச் சொல்லிட்டேன். கூட்ல அடைக்கற மாதிரி அடைச்சுட்டோம். எம்மேல தப்புங்களா?" என்று கேட்டாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்காத துணிகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"உம்மேல எந்தத் தப்பும் இல்ல வள்ளி. யார் மேலயும் இல்ல" என்றேன். பாவம், அவள் மனசு இதற்குமேல் தாங்காது. அவளுக்காகத்தான் இன்றுவரை சொல்லாமல் இருக்கிறேன்.