குடிக்காமல் வைத்த குவளை

விழாத் தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியை ரெஃபூஹியோ அம்மையார் அவர்களே! ஆரஞ்சுத் தோட்டத்தில் ஏணி ஏறி ஏறிக் காய்த்துப்போன கைகளோடு வந்து அமர்ந்திருக்கும் தந்தையரே! பழங்களைப் பெட்டியில் அடுக்கும் கூடத்து வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்திருக்கும் தாய்மாரே! நாளைய நாட்டை நிமிர்த்தப் போகும் மாணவக் கண்மணிகளே! முன்வரிசையில், மூன்றாம் நாற்காலியில், என்னைப் பெற்றவளே! வணக்கம்.

நான் கிரிசெல்டா. கிணற்று நீரைச் சோதிப்பது என் தொழில். "சுற்றுச்சூழல் அறிவியல் படித்தால் என்ன கிடைக்கும்?" என்று கேட்கிறீர்கள். கிடைப்பதைப் பேச நான் வரவில்லை. இழந்ததைப் பேச வந்திருக்கிறேன்.

இதே பள்ளத்தாக்கு. எனக்கு ஒன்பது வயது. தம்பி ஃபெர்மினுக்கு இரண்டு மாதம். எங்கள் கிணற்று நீரைச் சோதனைக்கு எடுத்துப்போன அதிகாரி ஒரு தாளோடு திரும்பி வந்தார். அம்மா செம்பருத்திப் பானம் கலந்து நீட்டினாள். வாங்கினார். தலையசைத்து நன்றி சொன்னார். வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டு சோலே அத்தைக்குப் பொறுக்கவில்லை. அம்மாவிடம் சொன்னாள்:

"பாத்தியா ஒட்டிலியா, தொரைக்கு நம்ம வீட்டுத் தண்ணி தொண்டைல எறங்காதாம்!"

"விடு சோலே. கெளாஸ ஒடைக்காம வெச்சிட்டுப் போனானே, அது போதும்."

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது! தெரிந்ததைச் சொல்ல, இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்த எங்களுடைய மொழி அவரிடம் இல்லை. மொழி என்னிடம் இருந்தது, விஷயம் தெரியவில்லை!

அவர் கொடுத்துவிட்டுப் போன தாள் ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் ஆங்கிலம் படித்தவள் நான் ஒருத்திதான். "என்னடி கண்ணு எழுதியிருக்கு?" என்றாள் அம்மா. நைட்ரேட் என்ற சொல்லை அன்றுதான் முதலில் பார்த்தேன். தெரியாது என்று சொல்ல வெட்கம். பள்ளியில் கிருமிகளைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. "தண்ணிய நல்லாக் காய்ச்சணுமாம்மா" என்றேன்.

காய்ச்சினாள். பால்மாவு கரைக்கும் தண்ணீரைப் பாதியாய்ச் சுண்டும்வரை காய்ச்சினாள். வயலில் கொட்டிய உரம் நிலத்தில் இறங்கி, கிணற்றில் கலந்த நஞ்சு அந்த நைட்ரேட். காய்ச்சினால் போகுமா? போகாது! நீர் வற்ற வற்ற நஞ்சுதான் தடிக்கும். பதினோராம் நாள் ஃபெர்மினின் உதடு நீலமானது. நகம் நீலமானது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே, என் மடியிலேயே, போய்விட்டான்.

"நாந்தானே அடுப்புல வெச்சேன்" என்று இருபத்தாறு ஆண்டுகளாக அம்மா அழுகிறாள். அம்மா, அந்தத் தாளை நான் படிக்கவில்லை. ஊகித்தேன். இதைத் தனியாக உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்.

மாணவர்களே! ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் அம்மாவுக்காகப் பேசியவர்கள், புரியாததைப் புரிந்ததாகச் சொன்னவர்கள், கை தூக்குங்கள். அடேயப்பா! மேடையிலிருந்து பார்த்தால் எல்லாம் கைகள்தான், முகங்களே தெரியவில்லை. இறக்காதீர்கள், அம்மாக்கள் பார்க்கட்டும்!

போன வாரமும் ஒரு வீட்டில் எனக்குக் குவளை நீட்டினார்கள். நான் குடிக்கவில்லை. ஏன் குடிக்கவில்லை என்று உட்கார்ந்து, நம் மொழியில் சொன்னேன். அந்த வீட்டுக் கைக்குழந்தைக்கு வேறு தண்ணீர் வந்து சேரும்வரை எழுந்திருக்கவில்லை. இப்படி உட்கார இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தி. கிணறுகளோ நூற்றுக்கணக்கில்! யார் வருகிறீர்கள்? ஊகிக்காமல் படிக்க யார் வருகிறீர்கள்? தூக்கிய கையோடு வந்து இந்தப் படிப்புக்குப் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அம்மா எழுந்து நிற்கிறாள். என்னம்மா?

"எறங்கி வாடி கண்ணு. ஒம்போது வயசுப் புள்ளகிட்ட அந்தத் தாளக் குடுத்தது யாரு? வா, பக்கத்துல வந்து உக்காரு."

வருகிறேன் அம்மா. கேட்டிருந்த எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.