விருந்தினர் அறைகளுக்கு மட்டும்

எங்கள் தெருவில் குப்பைத்தொட்டியைச் சரியான நாளில், மூடி சரியாக மூடியபடி, கைப்பிடி வீட்டுப் பக்கம் பார்க்க வைப்பவன் நான் ஒருவன்தான். எதிர்வீட்டுக்காரர் வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். அவருடைய தொட்டி வாரத்தில் பாதி நாள் நடைபாதையில் குப்புறக் கிடக்கும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என்னைப் பற்றி நீங்கள் எழுதப்போவதில் 'சட்டத்தை மதிக்காதவன்' என்று ஒரு வரி வந்துவிடக் கூடாது. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டை நாள் வாடகைக்கு விடுவது சும்மா உட்கார்ந்து சம்பாதிக்கிற தொழில் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் வந்து என் துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய வேலை விதிகள். நகராட்சி உரிமம் வேண்டும். உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஓர் அறைக்கு இரண்டு பேர்தான். பத்து மணிக்கு மேல் பாட்டுக் கூடாது. உரிம எண்ணும் புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணும் வாசல் பலகையில் தெரிய வேண்டும். விருந்தினர் படுக்கும் ஒவ்வோர் அறையிலும், புகையோ நச்சுக்காற்றோ வந்தால் கத்துகிற அலாரம் இருக்க வேண்டும். நிரூபணமான புகார் மூன்று சேர்ந்தால் உரிமம் ரத்து. ரத்தானால் திரும்பக் கிடைக்காது.

எனக்கு இந்த விதிகள் பிடித்திருந்தன. அலாரம் பற்றிய விதி குறிப்பாக. ஏனென்றால் என் பழைய தொழிலே அதுதான். ஊரில் எந்த வீட்டில் அலாரம் அடித்தாலும் ஒரு கண்காணிப்பு நிலையத்தில், என் திரையில், சிவப்பாக ஒரு கோடு வரும். நான் அந்த வீட்டுக்குப் போன் செய்து, ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள், யாருக்காவது தலை வலிக்கிறதா, தூக்கம் தூக்கமாக வருகிறதா என்று கேட்பேன். பெரும்பாலும் யாரோ ரொட்டியைக் கருக்கியிருப்பார்கள். சில சமயம் போனை யாரும் எடுக்க மாட்டார்கள்.

முழுக்க இரவு வேலை. பகலில் தூங்குகிறவனை உலகம் மெல்ல மெல்லக் கணக்கில் இருந்து எடுத்துவிடுகிறது. ஒரு நாள் ஷிப்டின் நடுவில் எழுந்து வெளியே வந்தவன் திரும்பப் போகவில்லை. இன்னொரு இரவு வேலைக்குப் போவதைவிட நான் எதையும் செய்வேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் சேர்ந்து மாடி அறைகள் இரண்டுக்கும் வெள்ளை அடித்தோம்.

கீழே முன்னறையில் நாங்கள். சமையலறைக்குப் பின்னால் உள்ள அறையில் என் மாமனார்.

மாமாவைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் சிக்கலே. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதவியில் இருந்தபோது ஒரு தடவை சொந்தத் தம்பிக்கே அபராதம் போட்டிருக்கிறார். அந்தத் தம்பி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். 'அவன்கிட்ட ரசீது இருக்கு, ஏன் கோபம்னு தெரியல' என்பார் மாமா. காலையில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். வருகிற விருந்தினரை எல்லாம் எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை பேர், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்பார். பெட்டியோடு வந்த ஒரு பெண் பதறிப்போய் அடையாள அட்டையையே எடுத்து நீட்டிவிட்டாள். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அவருக்கு ஒரு பூனை. தெருவிலிருந்து தானாக உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் அவர் காலடியில் படுக்கத் தொடங்கிய சாம்பல் பூனை. டிக்கெட் இல்லாமல் ரயிலேறுகிறவர்களைச் சொல்வது போல அதற்கு 'வித்தவுட்' என்று பெயர் வைத்தார். வாழ்க்கையில் அவர் மன்னித்துவிட்ட ஒரே வித்தவுட் அதுதான்.

மாடியில் நான்கு பேருக்கு அனுமதி. நான்கு பேர் என்று பதிவு செய்துவிட்டு ஆறு பேர் வந்து நிற்பார்கள். திருப்பி அனுப்பினால் மதிப்புரையில் நம்மைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். எல்லோரும் செய்வதுதான், ஓரத்தில் ஒரு மெத்தையைப் போட்டுக் கொடுப்பேன். நகராட்சி ஆய்வாளர் வழக்கமான சோதனைக்கு வந்த அன்று நான் கடைக்குப் போயிருந்தேன். நாற்காலியில் மாமா இருந்தார். நேற்று எத்தனை பேர் தங்கினார்கள் என்று ஆய்வாளர் கேட்டிருக்கிறார். மாமா சொல்லியிருக்கிறார். போன வாரத்தையும் சேர்த்து.

அது முதல் புகார். இரண்டாவதை மாமாவே போன் செய்து கொடுத்தார். மாடியில் ஒரு கும்பல் பத்தரை வரை பாடிக்கொண்டிருந்தது. அவர் பலகையிலிருந்த எண்ணைப் பார்த்து அழைத்து, தன் பெயர், வயது, வீட்டு உரிமையாளருக்கு என்ன உறவு என்பது வரை சொல்லியிருக்கிறார்.

நான் கோபப்படவில்லை. மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து, மாமா, நம்ம வீட்டு விஷயத்தை நாமே காட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"நான் எங்க மாப்பிள்ளை காட்டிக் கொடுத்தேன்? அவர் கேட்டாரு, சொன்னேன்."

"ரெண்டாவது தடவை யாரும் கேக்கலையே."

"பலகையில நம்பர் போட்டிருக்கே. கூப்பிடணும்னுதானே போட்டிருக்கு?"

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? மனைவியிடம் சொன்னேன். அப்பா அப்படித்தான், சின்ன வயசுல என் மார்க் அட்டையை அவரே பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய், கூட்டல் தப்பு, என் பொண்ணுக்கு மூணு மார்க் குறைக்கணும்னு சொன்னவர் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதை நான் கவனித்தேன்.

இரண்டாவது புகாருக்குப் பிறகு ஆய்வாளர் முழுச் சோதனைக்கு வந்தார். மாடி அறைகளில் ஒன்றில் அலாரம் பழையது, மாற்ற வேண்டும் என்றார். கேஸில் எரிகிற வெந்நீர் ஹீட்டரின் புகைக்குழாய் விருந்தினர் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் முடிகிறது, அதை எடுக்க வேண்டும் என்றார். நியாயமான பேச்சு. ஹீட்டர் மாமாவின் அறைக்குள், காற்றுப் போக இடைவெளி விட்டு மரச்சட்டங்கள் வைத்த கதவு போட்ட ஒரு சிறிய மாடத்தில் இருக்கிறது. குழாய் அங்கிருந்து சுவர் வழியாக மேலே போகிறது. அந்த அறையையும் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். என் காதால் கேட்டேன், அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"குடும்பத்து ஆளோட ரூமா? அது எங்க கணக்குல வராதுங்க. விருந்தினர் ரூம் மட்டும்தான்."

நகராட்சி மறுசோதனைக்குக் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. குழாய்க்காரர் அடுத்த வாரம்தான் வர முடியும் என்றார். அதனால் நானே ஏறி, மேல் குழாயைக் கழற்றி, சுவரில் இருந்த ஓட்டையைச் சிமெண்டு வைத்துப் பூசினேன். வெளியிலிருந்து பார்க்க மிகச் சுத்தமாக இருந்தது. குழாய் இப்போது மாமாவின் அறை மாடத்துக்குள்ளேயே முடிந்தது. அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவ வெந்நீர் திறந்ததும் மாமாவின் சுவரில் இருந்த அலாரம் கத்தியது. ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். அது நின்றது. மாடிக்கு ஓர் அலாரம் தேவைப்பட்டது, கடையில் தீர்ந்துபோயிருந்தது. இவருடையதைக் கழற்றி மேலே மாட்டினேன். மறுசோதனையில் ஆய்வாளர் அதன் பொத்தானை அழுத்திப் பார்த்து, சத்தம் நல்லா இருக்கு என்று பாராட்டினார்.

அந்த நாட்களில் மாமாவை நான் எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டேன் என்பதையும் நீங்கள் எழுத வேண்டும். விருந்தினர் யாரும் இல்லை, நாங்களும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தோம். மாமா, ஜன்னலை மூடாதீங்க என்று தினமும் சொன்னேன். ஒரு காலை தலை லேசாக வலிக்கிறது என்றார். நான் அவர் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்து காற்றாட உட்கார வைத்தேன். வேறு எந்த மருமகன் செய்வான்?

பிறகு சைக்கிள்காரர்கள் வந்தார்கள். நான்கு பேருக்குப் பதிவு; வந்தது ஒன்பது பேர். நீண்ட தூரம் மிதித்துவந்த பிள்ளைகள், முழங்கால் வரை சேறு, எல்லோருக்கும் வாய் கொள்ளாத சிரிப்பு. மாமா நாற்காலியில் இருந்து விரல் மடக்கி எண்ணினார். அவர்கள் மாடிக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, ஒன்பது பேரு."

"தெரியும் மாமா. ஒரு நாள்தானே."

"நாளைக்குக் காலையில ஆபீஸ் திறந்ததும் போன் பண்ணிடறேன். உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் பண்ணணும். முதுகுக்குப் பின்னாடி பண்றவன் இல்ல நான்."

அவர் சொன்னவிதம் மிகவும் அன்பாக இருந்தது. வண்டி நிற்கும் முன்பே, அடுத்த நிலையத்தில் இறங்கத் தயாராக இருங்கள் என்று ஒரு பயணியிடம் சொல்வது போல. மூன்றாவது புகார் என்றால் என்ன ஆகும் என்பதை எடுத்துச் சொன்னேன். அவள் சம்பளத்தில் மட்டும் வீடு ஓடுமா, நான் எங்கே போவேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"பழைய வேலை இருக்கே மாப்பிள்ளை. நல்ல வேலைதான் அது. நாலு உயிரைக் காப்பாத்தற வேலை."

அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை.

இருட்டுவதற்கு முன்பே படுத்துவிடுகிற வழக்கம் அவருக்கு. அன்று வெளியே குளிர்காற்று. அவருடைய ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டேன். மாடிச் சத்தம் கேட்டால் அவர் தூக்கம் கெடும் என்று கதவின் கீழ் இடைவெளியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தேன். போர்வையைக் கால் வரை இழுத்துவிட்டேன். நீங்களும் போய்த் தூங்குங்க மாப்பிள்ளை, என்னமோ ரொம்ப நாளா தூங்காத மாதிரி இருக்கீங்க என்றார். பிறகு மாடிக்குப் போய்ச் சைக்கிள்காரர்களிடம், வெந்நீருக்குக் கணக்கே இல்லை, ஆளாளுக்கு வேண்டிய நேரம் நின்று குளியுங்கள் என்று சொன்னேன். அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். வேலை முடிந்து வந்த மனைவியும் சாப்பிட்டுவிட்டு அசதியில் படுத்துவிட்டாள். குழாய்களில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு நல்ல தூக்கம். இரவு வேலையை விட்ட பிறகு அப்படி நான் தூங்கியதே இல்லை.

காலையில் வந்த மருத்துவர் அவருடைய வயதைக் கேட்டார், இதயம் என்றார். அதற்குள் ஜன்னல் திறந்திருந்தது. துண்டு கொடியில் இருந்தது. சைக்கிள்காரர்கள் மிகவும் கண்ணியமாக நடந்துகொண்டார்கள். சத்தம் வராமல் சைக்கிள்களைத் தூக்கியே வெளியே கொண்டுபோனார்கள், ஒரு பெண் அழக்கூடச் செய்தாள். மதிப்புரையில் ஐந்து நட்சத்திரம். 'வெந்நீர் தீரவே இல்லை' என்று எழுதியிருந்தார்கள். குழாய்க்காரர் சொன்ன நாளில் வந்து, பின்சுவர் வழியாக விதிப்படி புதிய குழாய் வைத்துவிட்டுப் போனார். மாமாவின் அறையையும் வெள்ளை அடித்தேன். அந்த அறையையும் சேர்த்தால் ஆறு பேருக்கு அனுமதி கேட்கலாம். அலாரம் முதலிலேயே வாங்கி வைத்துவிட்டேன். இனி அது விருந்தினர் அறை அல்லவா.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிய வந்திருக்காது. எந்த விதியையும் நான் வேண்டுமென்று மீறியதில்லை; விருந்தினர் எண்ணிக்கையில் கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் மனைவி பல நாட்கள் எதையோ மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். அன்று காலை அவளை எழுப்பியதே பூனைதான். அது துணி துவைக்கும் அறையில், மூடிய கதவுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தது. அவள் திறந்துவிட்டதும் நேராக மாமாவின் கதவுக்கு ஓடியது. அது அடைபட்டிருந்த அறையில் அதற்குப் பழைய துணி விரித்திருந்ததையும், பக்கத்தில் கிண்ணத்தில் பால் இருந்ததையும் அவள் பார்த்திருக்கிறாள்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"எப்பவும் அப்பா காலடியில படுக்கற பூனையை அன்னைக்கு மட்டும் ஏங்க அங்க கொண்டுபோய் விட்டீங்க?"

அதுவே போய்ப் படுத்துக்கொண்டது, காற்றில் கதவு சாத்திக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்; நம்பவே விரும்பினாள். ஆனால் என்னை இரக்கமே இல்லாதவன் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. அதனால் உள்ளதைச் சொன்னேன். அந்த அறையில் படுத்தால் அதுவும் காலையில் எழுந்திருக்காதே என்றேன். அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோய் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். அப்பாவைப் போலவே பெயர், வயது, உறவு எல்லாம் சொல்லித்தான் பேசினாள்.

அது வாயில்லாத ஜீவன் சார். அது யாருக்கும் போன் செய்யப் போவதில்லை. அதை எதற்காக நான் கொல்ல வேண்டும்?