‘நீண்ட நோய்’க்குப் பேர் சொல்ல வந்தேன்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்மன்றத் தலைவர் எவரிஸ்து அவர்களே, ஆலயக் கூடத்தை அன்போடு திறந்துவிட்ட பங்குத்தந்தை அவர்களே, அடுப்பில் சூப்பை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே, வாசல்வரை நிற்கும் என் வட போர்ச்சுகல் மின்யோ மண்ணின் மக்களே, ரொட்டிக்கடை டெயோலிண்டாவின் பணிவான வணக்கம்.

நம் ஊர்ச் சாவு அறிவிப்பில் என்ன அச்சடிக்கிறோம்? ‘நீண்ட நோய்.’ என் அம்மாவுக்கு நீண்ட நோய். மாமாக்கள் இருவருக்கும் நீண்ட நோய். நாற்பது வயதில், நான்கே மாதத்தில் போன சித்திக்கும் நீண்ட நோய். எதில் ஐயா நீளம்?

அதே கூச்சத்தை நகரத்து மருத்துவமனைக்கும் கொண்டுபோனோம், நானும் என் அக்கா பெர்னாண்டாவும்.

“உங்க அம்மா எதுல இறந்தாங்கம்மா?” என்றார் டாக்டர்.

“நீண்ட நோய், டாக்டர்.”

“அதான் என்ன நோய்?”

“பேர் சொல்ல மாட்டோமே, அது” என்றாள் அக்கா.

எங்கள் குடும்பத்தில் அதுவரை விழுந்த ஏழு சாவுக்கும் ஏழு கேள்விக்குறி போட்டார் டாக்டர். கேள்விக்குறிகளை நம்பி மரபணுச் சோதனைக்கு அனுப்ப வழியில்லை. அதற்கு மூன்றாம் ஆண்டில் அக்காவும் அதே நோயில் போய்விட்டாள். நாங்கள் வாய் திறந்திருந்தால் இன்று முன்வரிசையில் உட்கார்ந்து என் பேச்சில் பிழை பிடித்திருப்பாள்.

பிறகுதான் நான் பேர் சொன்னேன்; சோதித்தார்கள். செல்கள் கண்டபடி பெருகாமல் காவல் காக்க ஒரு மரபணு உண்டாம். தாய் தந்த பிரதி ஒன்று, தந்தை தந்த பிரதி ஒன்று. எங்கள் குடும்பத்தில் ஒரு பிரதி பிறவியிலேயே பிழை. மற்றதும் கெட்டால் காவல் போயிற்று, இரைப்பையில் புற்று வளரும். பெற்றவருக்குப் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு இருந்தது. இரைப்பையையே எடுத்துவிட்டார்கள். கோழிக்குஞ்சு போலக் கொத்திக் கொத்திச் சாப்பிடுகிறேன். ஆனால் உயிரோடு இருக்கிறேன்.

என்ன எழுந்துவிட்டீர்கள், ஒயின்கடை ஜோவாகிம் அண்ணே, வயிற்று நோய்ப் பழி உங்கள் ஒயின் மேல் வருமோ என்று பயமா? உங்கள் பீப்பாயை யாரும் தொடவில்லை, உட்காருங்கள்.

மூன்றாம் வரிசையில் என் தம்பி அடெலினு. “சோதனைக்கு ரத்தம் குடுக்க மாட்டேன்க்கா, தெரிஞ்சு என்ன ஆகப்போவுது?” என்று ஓராண்டாக ஓடுகிறான். பக்கத்தில் அவன் மகள் இல்டா, இருபத்து நான்கு வயது. தம்பி, மறைப்பதா மானம்? மௌனமா மருந்து? வாயை மூடிக்கொண்டா மகளைக் காப்பாய்? திங்கட்கிழமை இதே கூடத்தில்தான் ரத்தம் எடுக்கிறார்கள்.

எழுந்துவிட்டான். சொல்லடா, ஒலிபெருக்கி வேண்டாம். கேட்டீர்களா, தாய்மார்களே? “எங்கக்கா பெர்னாண்டா வயித்துப் புத்துநோயில செத்துப்போனா. எந்தக் கையில குத்துவாங்கக்கா?” என்று கேட்கிறான்.

இடக்கையில், என் தங்கமே. வலக்கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

என் பேச்சு இவ்வளவுதான். இவ்வளவு நேரம் இருந்து கேட்ட எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.