வீட்டிலிருந்தே கவனிக்கிறாராம்

கலஹாவிலிருந்து பேராதனைக்குப் போகும் காலை பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரே தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“வீட்டுல இருந்து வேலை பாக்குறதுக்கு எம்பிமாருக்கு கரண்ட் பில்லு, போன் பில்லெல்லாம் அரசாங்கமே கட்டுதாம் அக்கா,” என்றாள் இளையவள்.

“அதான் நம்ம எம்பி வரவே இல்ல. நம்ம லயத்து வீடுகளுக்குப் பின்னால மலையில மண்ணு வெடிச்சிருக்கு, வந்து பாருங்கன்னு அவரு ஆபீசுக்கு நேத்தும் போன் பண்ணுனேன். ஐயா வீட்டுல இருந்தே கவனிக்கிறாராம். போட்டோ அனுப்பச் சொன்னாங்க.”

“அனுப்புனீங்களா?”

“அனுப்புனேன். பதிலே இல்ல. இன்னிக்குக் காலையில வெடிப்புக்குள்ள என் கையே போகுது.”

“பயமா இருக்கு அக்கா.”

அப்போது மழை பிடித்தது. கண்ணாடி வழியே மலையைப் பார்த்த மூத்தவள் அவசரமாகக் கணவனுக்குப் போன் எடுத்தாள்.

“பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு உடனே கோயிலுக்குப் போயிருங்க. சாமான் ஒண்ணும் எடுக்காதீங்க. ஆபீசுல யாரும் சொல்லலங்க. நான் சொல்றேன், போங்க!”

அடுத்த பஸ் ஹோல்டில் இறங்கித் திரும்பிப் போக எழுந்தாள். இளையவளும் எழுந்தாள்.

“நீ எங்கடி? கடைக்கு வேலைக்குப் போகலையா?”

“எங்கம்மாவுக்குக் காது கேக்காது அக்கா. அங்க லயத்துல தனியா இருக்கு.”