புளி போட்டுத் தேய்த்த கண்ணாடி

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவர் மடியில் துண்டு சுற்றிய வட்டக் கண்ணாடி.

“நட்சத்திரம் பாக்குற டெலஸ்கோப் கண்ணாடிய எவளாவது புளி போட்டுத் தேய்ப்பாளா? ரசம் பூரா பூடுச்சே!”

“மங்கிக் கெடந்துது. விளக்கு தேய்க்கறப்போ சேத்துத் தேய்ச்சேன். எப்படியும் புது ரசம் பூசத்தானே எடுத்துக்கினு போறீங்க?”

“கீறல் இருந்தா பூசமாட்டாங்கடி. அவ்ளோதான், தூக்கிப் போடணும்.”

“வெறும் கையாலதான் தேய்ச்சேன். பாருங்க.”

அவர் துண்டை விலக்கி, கண்ணாடியை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

“டெலஸ்கோப் குழாய்ல இன்னொரு சின்னக் கண்ணாடி கீதே, அதையும் தேய்ச்சுடட்டா?”

அவர் கண்ணாடியை மறுபடி துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“மெதுவாத் தேய்.”