உண்ணிச்செடிக்கு ஊற்றிய தண்ணீர்

உண்ணிச்செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆடு கடிக்காது, வெயிலுக்கு வாடாது, வெட்ட வெட்டத் தழைக்கும். எங்கள் அகரம் பக்கம் வேலியோரமெல்லாம் அதுதான். நான் மட்டும் இரண்டு கோடை அதற்குத் தண்ணீர் சுமந்தேன்.

"மல்லியே காயுது. வேலிச்செடிக்கு ஊத்துறீகளேக்கா, அதென்ன ஒங்க கொலசாமியா?" என்று சிரிப்பாள் ஆனந்தி. என் கொழுந்தன் மனைவி. அடுத்தடுத்த வீடு.

"பூத்தா பட்டாம்பூச்சி வரும். பவித்ரா பாப்பாள்ல" என்பேன்.

அது பொய்யில்லை.

என் மகன் அஜித் தொண்ணூற்றெட்டாம் வருஷ மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சலில் போனான். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். யார் மேலும் எனக்கு வருத்தமில்லை. ஆனந்தி மேல் கொஞ்சமும் இல்லை. சோறு இறங்காமல் கிடந்த எனக்கு ஊட்டிவிட்டவள் அவள். "பவித்ராவும் ஒங்க பிள்ளதானக்கா" என்றாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, பள்ளிக்கூடம் விட்டதும் மகளை என்னிடம் அனுப்பிவிடுவாள்.

ஒன்று மட்டும் செய்தாள். என் கண்முன்னால் மகளுக்குத் தலைவாருவதை நிறுத்திவிட்டாள். என் மனசு நோகக் கூடாதென்று, உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாரினாள். அந்தக் கதவுச் சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடியும். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு இந்தப் பக்கம் எப்படியிருக்கும் என்று தெரியாது. சொல்லியும் புரியாது. இந்தப் பக்கம் துணைக்கு ஒருத்தி இருந்தால் தேவலை என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

தோட்டத்துக் கோடியில் ஒரு பாழுங்கிணறு. போர் போட்டபின் வற்றியது; சுற்றுச்சுவர் கிடையாது. அப்படிப்பட்ட கிணற்றைச் சுற்றிக் கருவேலமுள் வெட்டிப் போட்டுவைப்பது எங்கள் ஊர் வழக்கம். முள் கிடந்தால் சின்னப் பிள்ளைகூட அந்தப் பக்கம் போகாது. அந்த முள்ளை நான் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வெந்நீர் அடுப்பில் எரித்தேன். அந்த இடத்தில் உண்ணி படர்ந்து, கிணற்றின் விளிம்பே தெரியாமல் மூடியது. மஞ்சளும் ரோஸுமாக ஒரே பூ.

அன்று ஆனந்தி மகளுக்கு இரட்டைச் சடை போட்டிருந்தாள்.

"பெரியம்மா, அந்தக் கறுப்புப் பூச்சி உள்ள போயிருச்சு."

"அங்கிட்டுத்தான் நெறையா இருக்கு ஆத்தா. போயிப் பாரு."

"முள்ளு குத்துமா?"

"முள்ளெல்லாம் இல்லடா. பெரியம்மா எடுத்துட்டேன்."

நான் அவளைத் தொடவில்லை. கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. பூச்சிகளெல்லாம் ஒன்றாக எழும்பின. பிறகு மறுபடி பூவில் உட்கார்ந்தன. நான் வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். எல்லோரும் தேடியபோது நானும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல்தான் உரக்கக் கேட்டது என்றார்கள்.

இப்போது ஆனந்தி என் பக்கத்தில்தான் படுக்கிறாள். ஒரே தட்டில் சாப்பிடுகிறோம். எந்தக் கதவும் சாத்துவதில்லை. வெயிலேறிப் பூச்சிகள் அந்தச் செடிக்கு வருகிற நேரத்தில் மட்டும், "முள்ளு குத்துமா பெரியம்மா" என்று காதருகே கேட்கும். "இல்லடா" என்று வாய்விட்டே சொல்லிவிடுவேன். ஆனந்தி திரும்பிப் பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள்.

நேற்று கேட்டாள்.

"முன்னாடியும் கெடந்துச்சு, இப்பவும் கெடக்கு. அன்னைக்கு மட்டும் அந்த முள்ளு எங்கக்கா போச்சு?"

அவள் என்னிடம் எதையும் மறைத்தவளில்லை. இங்கே சொன்னபடியே அவளிடமும் சொல்லிவிடுவேன். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே, கையெல்லாம் கிழிய நான்தான் முள்ளை வெட்டி மறுபடி அங்கே போட்டேன். கிணற்றை அப்படித் திறந்துபோட்டால் பிள்ளைகள் விழுந்துவிடாதா?